குதிரை வழி கண்ட ஆய்லர்

சதுரங்கம் பாரத நாட்டில் தோன்றிய பழம்பெரும் விளையாட்டு. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையும் தத்தம் அரசனைக் காத்து நிற்க, இருவர் எதிரெதிரே அமர்ந்து அறிவினாலேயே பொருதும் போர் அது. பாரதத்தினின்று பாரசீகத்திற்கும், பாரசீகத்தினின்று அரபு நாடுகளுக்கும், ஆங்கிருந்து ஐரோப்பாவிற்கும் அது பரவியது. அதன் பலகையில் உள்ள கட்டங்கள் 64, காய்கள் 32. ஒரு நொடியில் கண்ணால் கண்டு முடிக்கத்தக்க இச்சிறு பலகையில் எத்தனை வகை ஆட்டங்கள் நிகழக்கூடும் என்று எண்ணப் புகுந்தால், எண்ணுவோர் அறிவு திகைத்து நிற்கும்.

முதல் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். வெள்ளைக் காய்களை உடையவர் தம் காலாட்கள் எட்டனுள் எதனையும் ஒரு கட்டமேனும் இரண்டு கட்டமேனும் முன்னே நகர்த்தலாம். அவ்வகையில் வழிகள் 16. குதிரை இரண்டும் காலாட்களைத் தாண்டிக் குதிக்க வல்லவை ஆதலின், ஒவ்வொன்றிற்கும் இரண்டாக அவற்றிற்கு வழிகள் 4. ஆக வெள்ளையார்க்குத் தொடக்கத்தில் 20 வழிகள் உள. கருப்பு ஆடுவோர்க்கும் அவ்வாறே 20 வழிகள் உண்டு. இருவரும் ஒருமுறை ஆடி முடித்தவுடன் 20ஐ 20ஆல் பெருக்க, 400 வகை ஆட்டங்கள் கிளைத்துவிடுகின்றன. வெள்ளை மீண்டும் ஒருமுறை ஆடினால் அவை 8,902 ஆகின்றன. கருப்பும் மீண்டும் ஒருமுறை ஆடினால் 1,97,281 ஆகின்றன. ஆளுக்கு இரண்டே முறை காய் நகர்த்தியதன் விளைவு இது!

படை முழுதும் வேண்டா. ஒற்றைக் குதிரையே நம்மைத் திகைக்கவைக்கப் போதுமானது. அக்குதிரை செல்லும் வழியைக் கணித நெறியால் ஆராய்ந்து, அதற்கு ஒரு முறையை வகுத்தளித்த பேரறிஞர் லியோனார்டு ஆய்லர் ஆவார். விளையாட்டினுள்ளும் மெய்ந்நெறி கண்ட அப்பெருமகனார், தம் இரு கண்களையும் இழந்த பின்னரும் அறிவுப் பணியைக் கைவிடாதவர். அவருடைய வரலாறு கற்பார் உள்ளத்திற்கு ஊக்கம் அளிக்க வல்லது.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்து நாட்டில் பேசல் என்பது ரைன் ஆற்றங்கரையில் அமைந்த ஒரு நகரம். அந்நகரில் 1707ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 15ஆம் நாள் ஆய்லர் பிறந்தார். தந்தையார் பால் ஆய்லர் கிறித்தவத் திருச்சபையில் போதகராகப் பணியாற்றியவர். அவர் இளமையில் யாக்கோபு பெர்னூலி என்னும் கணித அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டுப் பயன்கொண்டவர். ஆதலின் மகனுக்குக் கணக்கின் முதற்பாடங்களைத் தாமே கற்பித்தார். எனினும், மகன் தம்மைப் போலவே போதகராகித் திருப்பணி புரிதல் வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது.

ஆய்லர் தம் 13ஆம் அகவையிலேயே பேசல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அந்நாளில் ஆங்குக் கணிதப் பேராசிரியராக விளங்கியவர் யோகான் பெர்னூலி. ஐரோப்பாவின் தலைசிறந்த கணித வல்லுநருள் ஒருவராகிய அவரிடம் தனியே பாடங்கேட்க இளைஞர் ஆய்லர் விழைந்தார். பேராசிரியர்க்கு அதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஆயினும் அவர் ஒரு நல்ல வழியைக் காட்டினார். அரிய கணித நூல்களை ஆய்லர் தாமே பயிலவேண்டும். பயிலும்போது எழும் ஐயங்களைச் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்டுத் தெளியலாம் என்று இசைவளித்தார். ஆசிரியரின் நேரத்தை வீணாக்கலாகாது என்று அஞ்சிய மாணவர், ஐயங்களுள் பலவற்றைத் தாமே முயன்று தீர்த்துக்கொண்டு, தீராத சிலவற்றையே ஆசிரியரிடம் கொண்டு சென்றார். தானே முயன்று தெளிந்த கல்வியே நெஞ்சில் நிலைக்கும் என்பதற்கு அம்மாணவர் ஒரு சான்றானார்.

தந்தையாரின் விருப்பப்படி ஆய்லர் சமய நூல்களையும் கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளையும் கற்கலானார். ஆயினும் அவருள்ளம் கணிதத்தையே நாடி நின்றது. தந்தையின் சொல்லைக் கடத்தலும் அரிது. தம் இயல்பைத் துறத்தலும் அரிது. இத்தகைய இடர்ப்பாட்டில் யோகான் பெர்னூலியே முன்வந்து, இவ்விளைஞர் கணிதத்திற்கென்றே பிறந்தவர் என்பதைத் தந்தையார்க்கு எடுத்துரைத்தார். தந்தையாரும் உண்மையை உணர்ந்து, தம் விருப்பத்தை விடுத்து மகனை அவர் வழியே செல்லவிட்டார். ஆய்லரோ கணிதத்துறை புகுந்த பின்னும் சமயப் பற்றை இறுதிவரை விடவில்லை.

உருசிய நாட்டில்

கப்பலில் பாய்மரங்களை எவ்வாறு நிறுவுதல் சிறந்தது என்பது பற்றி 1727இல் பாரிசு அறிவியற் கழகம் ஒரு போட்டி நடத்தியது. கடலையே காணாத நாட்டில் வளர்ந்த 20 வயது இளைஞராகிய ஆய்லர், அதற்கு ஒரு கட்டுரை விடுத்து, முதற்பரிசுக்கு அடுத்த மதிப்பினைப் பெற்றார். ஆனால் அவர் பிறந்த பேசல் நகரில் அவர் வேண்டிய பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. பிறந்த மண் இடந்தராதபோது, தொலைவிலுள்ள உருசிய நாடு அவரை அழைத்தது. யோகான் பெர்னூலியின் மைந்தர் தானியேல் பெர்னூலி ஆங்குச் செயின்று பீட்டர்சுபர்க்கு நகரில் அறிவியற் கழகத்தில் இருந்தார். அவர் முயற்சியால் 1727இல் ஆய்லர் அந்நகரை அடைந்தார். 1733இல் தானியேல் தாய்நாடு திரும்பியபோது, அவர் வகித்த கணிதப் பேராசிரியர் பதவி ஆய்லருக்கு வந்தது. அடுத்த ஆண்டு காதரீன் கிசெல் என்னும் ஓவியர் மகளை அவர் மணந்தார். அவர்களுக்குப் பிறந்த மக்கள் 13 பேர். அவர்களுள் குழந்தைப் பருவம் கடந்து வளர்ந்தோர் ஐவரே. மடியில் ஒரு குழந்தை தவழ, ஏனையோர் சுற்றிலும் விளையாட, அவ்வொலிக்கு நடுவே அமர்ந்து அவர் நுண்ணிய கணக்குகளை எழுதுவார் என்று அவரை அறிந்தோர் கூறுவர்.

அந்நாளில் கோனிக்சுபர்க்கு என்னும் நகரில் ஒரு புதிர் வழங்கியது. அந்நகரின் ஊடே ஓடிய ஆறு நிலத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்திருந்தது. அவற்றை இணைத்த பாலங்கள் ஏழு. ஒரு பாலத்தையும் இருமுறை கடவாமல், ஏழு பாலங்களையும் ஒவ்வொருமுறை கடந்து நகரைச் சுற்றிவர இயலுமோ என்பதே வினா. பலர் நடந்து நடந்து பார்த்தனர், வழி கிடைத்திலது. ஆய்லர் நடந்து பார்க்கவில்லை; எண்ணிப் பார்த்தார். நிலப்பகுதி நான்கனையும் நான்கு புள்ளிகளாகவும், பாலங்களை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் அவர் கருதினார். இடையே உள்ள ஒரு நிலத்திற்குள் ஒரு பாலத்தால் புகுந்தவன் வேறொரு பாலத்தால் வெளியேற வேண்டும். ஆகவே அங்குப் பாலங்கள் இரட்டையாக இருத்தல் வேண்டும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் மட்டுமே ஒற்றையாக இருக்கலாம். கோனிக்சுபர்க்கிலோ நான்கு நிலங்களிலும் பாலங்கள் ஒற்றைப்படையாகவே இருந்தன. எனவே அத்தகைய உலா எக்காலத்தும் இயலாது என்று 1735இல் ஆய்லர் நிறுவினார். ஒன்று இயலும் என்று காட்டுவது போன்றே, ஒன்று இயலாது என்று ஐயமற நிறுவுவதும் அறிவின் வெற்றியே ஆகும். இப்புதிரிலிருந்து பிற்காலத்தில் ஒரு தனிக் கணிதத்துறையே வளர்ந்தது.

அவ்வாண்டிலேயே கடுங்காய்ச்சல் ஒன்று ஆய்லரைப் பற்றி அவருயிரையே பறிக்குமளவு வருத்தியது. அதன்பின் 1738இல் அவருடைய வலக்கண் ஒளி மங்கலாயிற்று. நாட்டுப் படங்களைத் திருத்தும் நுண்பணியில் இடைவிடாது உழைத்ததே அதற்குக் காரணம் என்று அவர் கருதினார். கண் ஒன்று குன்றியும் அவர்தம் எழுத்து குன்றவில்லை.

பெர்லினில் கண்ட குதிரை வழி

பிரசிய நாட்டு மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கு தம் தலைநகராகிய பெர்லினில் அறிஞர் கழகம் ஒன்றைச் சிறப்புற அமைக்க விரும்பி, ஆய்லரை அழைத்தார். 1741இல் பெர்லின் சென்ற ஆய்லர் 25 ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார். அந்நகரில் சதுரங்க ஆட்டமும் அவருள்ளத்தைக் கவர்ந்தது. ஒருநாள் அன்பர் பலர் கூடியிருந்த அவையில் சதுரங்கத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. அப்பொழுது ஒருவர் ஒரு வினாவை எழுப்பினார். பலகையில் ஒரு குதிரை மட்டும் நிற்கின்றது. அது தன் முறைப்படி தாவித் தாவி, எந்தக் கட்டத்தையும் இருமுறை மிதியாமல், 64 கட்டங்களிலும் ஒவ்வொருமுறை நின்று வருதல் கூடுமோ என்பதே அவ்வினா.

குதிரையின் நடை ஏனைய காய்களின் நடை போன்றதன்று. அது நேரே இரண்டு கட்டம் சென்று பக்கத்தில் ஒரு கட்டம் திரும்பி நிற்கும். பலகையின் நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டு வழிகள் உண்டு. மூலையில் நிற்பதற்கோ இரண்டே வழிகள். 64 கட்டங்களுக்கும் உள்ள வழிகளைக் கூட்டினால் 336 ஆகும். ஒரு தாவலை இருபுறமிருந்தும் எண்ணியதால், கட்டங்களை இணைக்கும் கோடுகள் அதிற் பாதியாகிய 168. கோனிக்சுபர்க்குப் புதிரில் ஒவ்வொரு கோட்டையும் ஒருமுறை கடக்கவேண்டும். இதிலோ ஒவ்வொரு புள்ளியையும் ஒருமுறை அடையவேண்டும். கேட்பதற்கு ஒன்று போலத் தோன்றினும் இவ்விரண்டும் வேறுவேறு. முன்னதற்கு இரட்டை, ஒற்றை என்னும் எளிய விதி கிடைத்தது. பின்னதற்கு அத்தகைய எளிய பொது விதி எதுவும் கிடைத்திலது.

இவ்வழியை அறிந்தோர் முன்பும் இருந்தனர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாது நகரில் வாழ்ந்த ஆட்ட வல்லுநர் குதிரை வழிகளைக் குறித்து வைத்தனர். அந்நூற்றாண்டிலேயே காசுமீரத்துப் புலவராகிய உருத்திரடர், தம் அணிநூலில் குதிரை நடையிற் படிக்கத்தக்க சித்திரகவி ஒன்றை அமைத்தார். நம் தமிழகத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் தம் பாதுகா சகசிரம் என்னும் வடமொழி நூலில், 32 எழுத்துக்கள் கொண்ட ஒரு செய்யுளை நான்கு வரிசையில் எட்டெட்டாக எழுதிக் குதிரை நடையிற் படித்தால், அடுத்த செய்யுள் தோன்றுமாறு பாடியுள்ளார். அது அரைப் பலகையில் நிகழும் குதிரை உலா ஆகும். ஆயினும் ஒரு வழியைக் காண்பது வேறு. வழிகளைக் காணும் முறையை வகுப்பது வேறு. அம்முறையை வகுத்ததே ஆய்லரின் அருஞ்செயல்.

அவர் கண்ட முறை எளிமையானது. முதலில் குதிரையை மனம்போனபடி செலுத்தி, செல்லும் வரிசையில் கட்டங்களுக்கு 1, 2, 3 என எண்ணிட்டுச் செல்லவேண்டும். குதிரை 60ஆம் கட்டத்தில் வந்து மேற்செல்ல வழியின்றி நின்றுவிட்டது என்றும், நான்கு கட்டங்கள் எஞ்சிவிட்டன என்றும் கொள்வோம். பிறர் இந்நிலையில் அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தொடங்குவர். ஆய்லர் அழிக்கவில்லை. 60ஆம் கட்டத்திலிருந்து முன்பு கடந்து வந்த எந்தக் கட்டத்திற்குத் தாவ இயலும் என்று பார்த்தார். அது 25ஆம் கட்டம் எனின், 1 முதல் 25 வரை முன்போலவே சென்று, 25இலிருந்து 60க்குத் தாவி, அங்கிருந்து 59, 58 எனப் பின்னோக்கி வந்து 26இல் முடிக்கலாம். இப்பொழுது கடை 60 அன்று, 26. அக்கடையிலிருந்து எஞ்சிய கட்டம் ஒன்றிற்குத் தாவ வழியிருப்பின், அதனையும் வரிசையிற் சேர்த்துக்கொள்ளலாம். வழி இல்லையேல், மீண்டும் வேறோர் இடத்தில் வெட்டித் திருப்பலாம். இவ்வாறு செய்து எஞ்சிய கட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து உலாவை முடிக்கலாம். அம்முறையினாலேயே முடிவுக் கட்டத்தினின்று ஒரே தாவலில் தொடக்கக் கட்டத்தை அடையுமாறும் செய்யலாம். அத்தகைய மூடிய உலா ஒன்றை நினைவிற் கொண்டவன், பிறர் காட்டும் எக்கட்டத்திலிருந்தும் தொடங்கிப் பலகை முழுதும் சுற்றிவர வல்லவன் ஆவான். தோல்வியுற்ற முயற்சியைத் தூக்கி எறியாது, அதனையே திருத்தி வெற்றியாக்கும் பண்பு இம்முறையில் விளங்குதல் காண்க.

பலகையின் நிறத்தைக் கொண்டும் ஓர் உண்மையை அறியலாம். குதிரை ஒவ்வொரு தாவலிலும் வெள்ளைக் கட்டத்திலிருந்து கருப்பிற்கும், கருப்பிலிருந்து வெள்ளைக்கும் மாறுகின்றது. ஆதலின் தொடங்கிய கட்டத்திற்கே திரும்ப வேண்டுமாயின் தாவல்கள் இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும். ஐந்து வரிசையில் ஐந்தைந்து கட்டங்களாக 25 கட்டங்கள் கொண்ட பலகையில் மூடிய உலாவிற்கு 25 தாவல்கள் தேவை. அது ஒற்றைப்படை எண். எனவே அப்பலகையில் மூடிய உலா இயலாது. ஒரு தாவலையும் செய்து பாராமலே இதனை நாம் உறுதியாகக் கூறலாம்.

1757இல் தம் நண்பர் கோல்டுபாக்கு என்பவர்க்கு எழுதிய மடலில் ஆய்லர் இக்குதிரை வழியைக் குறித்தார். பின்னர் இதனைக் கட்டுரையாக விரித்தெழுதினார். பெர்லின் கழகத்தின் 1759ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற அக்கட்டுரை 1766இல் அச்சாகி வெளிவந்தது. குதிரை முதலில் அரைப் பலகையின் 32 கட்டங்களையும், அதன்பின் மற்றை அரையின் 32 கட்டங்களையும் சுற்றிவரும் உலாக்களும் அதில் உள்ளன.

பெர்லினில் அவர் வாழ்வு இன்பமாகவே கழிந்தது என்று கூறுதற்கில்லை. மன்னர் பிரெடெரிக்கு நயமான பேச்சையும் நகைச்சுவையையும் பாராட்டுபவர். அடக்கமும் சமயப்பற்றும் உடைய ஆய்லரின் எளிய இயல்பு அவருக்கு உவப்பாக இல்லை. மன்னர் தம் மடல்களில் ஆய்லரின் ஒற்றைக் கண்ணையும் எள்ளி எழுதினார். உடற்குறையை எள்ளுதல் உயர்ந்தோர் செயலன்று. எள்ளப்பட்டவரோ அதற்கு மறுமொழி கூறவில்லை. தம் பணியையே செய்துவந்தார்.

இருள் சூழ்ந்த காலம்

உருசியப் பேரரசி இரண்டாம் காதரீன் ஆய்லரை மீண்டும் தம் நாட்டிற்கு அழைத்தார். மன்னரிடம் பன்முறை விடை வேண்டிப் பெற்று, 1766இல் ஆய்லர் பீட்டர்சுபர்க்கு நகரை மீண்டும் அடைந்தார். அவ்வாண்டிலேயே அவரது இடக்கண்ணிலும் புரை படர்ந்தது. எழுத்தைக் காணுதல் இயலாதாயிற்று. 59 வயதில், எண்களையும் குறிகளையுமே வாழ்வாகக் கொண்ட ஒருவர்க்கு இதனினும் பெருந்துன்பம் வேறு யாது? இனி அவர் பணி முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் ஆய்லரின் நினைவாற்றல் வியத்தகு தன்மையது. வெர்சில் என்னும் இலத்தீன் புலவரின் பெருங்காப்பியத்தை முழுதும் அவர் மனப்பாடமாகக் கூறுவார். தாம் வைத்திருந்த பதிப்பின் ஒவ்வொரு பக்கமும் எவ்வடியில் தொடங்கி எவ்வடியில் முடிகின்றது என்பதும் அவர் நினைவில் இருந்தது. ஒருகால் மாணவர் இருவர் ஒரு நெடுங்கணக்கைத் தனித்தனியே செய்து, 50ஆம் இலக்கத்தில் வேறுபட்டனர். ஆய்லர் கணக்கு முழுவதையும் மனத்திலேயே செய்து பிழையைக் கண்டு காட்டினார் என்பர். புறக்கண் மூடியபோது இவ்வகக்கண்ணே அவருக்குத் துணையாயிற்று.

அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். தையற்றொழில் பயின்ற ஓர் இளைஞரைக்கொண்டு இயற்கணிதம் பற்றிய நூலொன்றை எழுதுவித்தார். அந்நூலை எழுதிய அளவிலேயே, கணிதம் கல்லாத அவ்விளைஞர் இயற்கணிதத்தைத் தெளிவுற உணர்ந்துகொண்டார் என்றால், ஆய்லரின் நடை எத்துணை எளிமை வாய்ந்தது என்பதை உணரலாம். 1770இல் செருமன் மொழியில் வெளிவந்த அந்நூல் நெடுங்காலம் மாணவர்க்கு வழிகாட்டியாயிற்று.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. 1771இல் பீட்டர்சுபர்க்கில் பெருந்தீ மூண்டு ஆய்லரின் இல்லத்தையும் பற்றியது. கண்ணிழந்த முதியவர் தீயினிடையே செய்வதறியாது நின்றார். பேசல் நகரிலிருந்து வந்து அங்கு வாழ்ந்த பீட்டர் கிரிம் என்னும் தொழிலாளர், தம் உயிரைப் பொருட்படுத்தாது தீக்குள் புகுந்து, அவரைத் தோளிற் சுமந்து வெளிக்கொணர்ந்தார். நூலகம் எரிந்தது, கையெழுத்துப் படிகளுள் பெரும்பாலான காக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே மருத்துவர் ஒருவர் அறுவை செய்து அவரது இடக்கண்ணின் புரையை நீக்கினார். ஆய்லர் மீண்டும் ஒளியைக் கண்டார். அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை, சின்னாளில் புண் சீழ்ப்பிடித்து, வந்த ஒளி மீளவும் மறைந்தது. 1773இல் அவர்தம் வாழ்க்கைத் துணைவியாரும் மறைந்தார்.

இத்துணை இடர்களுக்கிடையே அவர் செய்த பணியே நம்மை வியப்பில் ஆழ்த்துவது. தம் மகன் யோகான் ஆல்பிரெக்டு, இளம் அறிஞராகிய இலெக்செல், கிராப்டு, பூசு ஆகியோர் துணையுடன் அவர் கட்டுரைகளை ஆக்கிக் குவித்தார். திங்களின் இயக்கத்தைக் கணிக்கும் அருங்கணக்கை 1772இல் நூலாக வெளியிட்டார். 1775இல் அவர் வாரத்திற்கு ஒன்று என்னும் அளவில் கட்டுரைகளை உருவாக்கினார். அவர் வாழ்நாளில் ஆக்கிய நூல்களும் கட்டுரைகளும் 850க்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, கண்ணொளி இழந்த பின் தோன்றியவை.

கட்டப் பலகையும் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஆறு படைப்பிரிவுகளிலிருந்து பிரிவிற்கு அறுவராக, ஆறு வேறு பதவிகளில் உள்ள 36 படைத்தலைவர்களை ஆறாறு கட்டங்களில் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நிரலிலும் ஆறு பிரிவும் ஆறு பதவியும் ஒவ்வொருமுறை வரவேண்டும். இஃது இயலாது என்று ஆய்லர் கருதினார். பத்துப் பத்தாகவும், பதினான்கு பதினான்காகவும் இவ்வாறே நீளும் பலகைகளிலும் இயலாது என்று கணித்துரைத்தார். ஆறு பற்றிய அவர் கருத்து சரியே என்று 1901இல் நிறுவப்பட்டது. ஏனையவை பற்றிய கருத்து பிழை என்பதை 1959இல் போசு, ஸ்ரீகண்டே என்னும் இந்தியக் கணித அறிஞர் இருவரும் பார்க்கர் என்னும் அமெரிக்க அறிஞரும் நிறுவினர். பேரறிஞர் கூற்றாயினும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும் என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

இறுதி நாள்

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஆய்லர் வழக்கம்போலவே இருந்தார். தம் பேரக் குழந்தைக்குக் கணக்குப் பாடம் கற்பித்தார். அவ்வாண்டு பிரான்சு நாட்டில் முதன்முதலாகப் பறக்கவிடப்பட்ட வான்கூண்டின் ஏற்றத்தைப் பற்றிக் கணித்தார். 1781இல் புதிதாகக் கண்டறியப்பட்ட யுரேனசு என்னும் கோளின் பாதையைக் குறித்து இலெக்செலுடன் உரையாடினார். மாலையில் பேரக் குழந்தையுடன் இருந்தபோது மூளையில் குருதி பெருகி மயங்கி வீழ்ந்தார். அன்றிரவே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 76. அவர் விட்டுச்சென்ற கட்டுரைகளை வெளியிட்டு முடிக்கப் பீட்டர்சுபர்க்குக் கழகத்திற்கு ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின.

எண்ணி முடிந்ததும் முடியாததும்

ஆய்லருக்குப் பின்னரும் அறிஞர் குதிரை வழியை ஆராய்ந்தனர். அடுத்துச் செல்லும் வழிகள் எக்கட்டத்திற்கு மிகக் குறைவோ அக்கட்டத்திற்கே குதிரையைச் செலுத்தவேண்டும் என்னும் எளிய விதியை 1823இல் வார்ன்சுடார்பு என்பவர் கூறினார். ஆயினும் மூடிய உலாக்கள் மொத்தம் எத்தனை என்னும் வினாவிற்கு விடை காண, கணினியின் காலம் வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1997இல் ஆசுத்திரேலிய நாட்டு அறிஞர் பிரெண்டன் மெக்கே அதனைக் கணக்கிட்டார். ஒரே உலாவை முன்னோக்கியும் பின்னோக்கியும் செல்வதை ஒன்றாகவே கொண்டால், உலாக்கள் 13 இலட்சத்து 26 ஆயிரத்து 736 கோடியே 44 இலட்சத்து 10 ஆயிரத்து 532 ஆகும். நொடிக்கு ஒன்றாக இரவும் பகலும் ஓயாது எண்ணினாலும், அவற்றை எண்ணி முடிக்க 4 இலட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகள் செல்லும்.

இது தனிக்குதிரை ஒன்றின் கணக்கு. 32 காய்களும் நின்று ஆடும் முழு ஆட்டத்தின் கணக்கை 1950இல் கிளாடு ஷானன் என்னும் அமெரிக்க அறிஞர் மதிப்பிட்டார். வெள்ளையும் கருப்பும் ஒருமுறை ஆடுவதற்குச் சற்றேறக்குறைய ஆயிரம் வகை உண்டென்றும், ஓர் ஆட்டம் அவ்வாறு 40 முறை நீளும் என்றும் கொண்டால், ஆட்டங்களின் தொகை ஒன்றையடுத்து 120 சுழிகள் இட்ட பேரெண் ஆகின்றது. பலகையில் காய்கள் நிற்கக்கூடிய நிலைகளின் தொகை அதனினும் மிகச் சிறியது. எனினும் அதுவும் 45 இலக்கங்கள் கொண்டது என்று பிற்கால ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். ஆட்டங்கள் நிலைகளினும் மிகப் பல ஆதற்குக் காரணம், ஒரே நிலையைப் பல வழிகளில் அடையக்கூடும் என்பதே. எத்துணை விரைந்த கணினியும் அவ்வாட்டங்களை ஒவ்வொன்றாக ஆடிப் பார்த்து முடித்தல் இயலாது.

இப்பேரெண்களின் முன் மனிதன் சிறியவனே. ஆயினும் ஒவ்வொரு வழியையும் நடந்து பார்த்தலே அறிதற்குரிய நெறி என்று எண்ணி மலைத்தல் வேண்டா. ஏழு பாலங்களையும் நடவாமலே ஆய்லர் விடை கண்டார். வழியடைத்து நின்ற குதிரையை, வந்த வழியையே திருப்பி அமைத்து மேலே செலுத்தினார். கண்ணொளி மறைந்தபோதும் அவர் அவ்வாறே செய்தார். தம் வாழ்வு அவ்விடத்தே முடிந்தது என்று கொள்ளாது, முன்பு கற்றுச் சேர்த்த செல்வத்தைக்கொண்டு புதுவழி கண்டு முன்னேறினார். இளமையில் வருந்திக் கற்ற கல்வியும் நெஞ்சில் நிறுத்திய நினைவும், தீயாலும் நோயாலும் கவரப்படாத செல்வங்கள் என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது. அச்செல்வங்களைத் தேடிக்கொள்ளுதற்கு ஏற்ற பருவம் மாணவப் பருவமே ஆகும்.